நூலெண்ணித் தைக்கும் கலை

மாந்தர்க்கு உணவும் உறையுளும் போல உடையும் இன்றியமையாதது. வெயிலையும் குளிரையும் தடுப்பதோடு அதன் பயன் முடிவதில்லை; உடுத்தியவர் எந்நிலத்தார், எத்தொழிலார் என்பதையும் அது உணர்த்தும். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் பழமொழி இக்கருத்துப் பற்றியே எழுந்தது. ஆயினும், தாம் உடுக்கும் ஆடை எவ்வாறு உருவாயிற்று என எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடையில் விலை கொடுத்து வாங்குவதோடு பலருடைய எண்ணம் நின்றுவிடுகிறது.

தமக்கு வேண்டிய ஆடையைத் தாமே தைத்துக்கொள்வோர் இன்றும் உலகெங்கும் உளர். அவர்களுக்குத் துணை நிற்பது மாதிரித்தாள். முன்புறம், பின்புறம், கை, கழுத்துப்பட்டி ஆகியவற்றின் வடிவங்கள் அத்தாளில் வரையப்பட்டிருக்கும். தாளைத் துணியின்மேல் வைத்துக் கோடிட்டு, தையலுக்கு இடம் விட்டுக் கத்தரித்து, துண்டுகளை முறையாக இணைத்தால் ஆடை உருவாகும். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த எபினேசர் பட்டரிக் என்னும் தையற்காரர், 1863-ஆம் ஆண்டில், பல அளவுகளில் அமைந்த மாதிரித்தாள்களை விற்கத் தொடங்கினார். அளவெடுத்து வரையும் பயிற்சி இல்லாதோரும் பொருத்தமான ஆடை தைத்துக்கொள்ள அம்முயற்சி வழிவகுத்தது.

எனினும், மாதிரித்தாள் வழிகாட்டுமேயன்றித் தைப்பவருக்காகத் தானே சிந்திக்காது. ஒருவருக்குத் தோள் அகன்றிருக்கும். மற்றொருவருக்குக் கை நீண்டிருக்கும். எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதை ஊசி பிடித்தவரே முடிவு செய்தல் வேண்டும். அதற்கு அறிவும் பொறுமையும் தேவை. தாள் ஏதுமின்றி, அவ்விரண்டையுமே துணையாகக் கொண்டு ஊசி பிடிக்கும் பெண்டிரை நம் நீலகிரியில் காணலாம்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கே, பசுமை போர்த்து விளங்குவது குந்தா மலைப்பகுதி. தேயிலைத் தோட்டங்கள், சோலைக்காடுகள், பரந்த புல்வெளிகள் ஆகியன அதன் அணிகள். குந்தா ஆறு அம்மலைச் சரிவில் இறங்கிப் பவானியாற்றோடு கலக்கிறது. கனடா நாட்டின் உதவியோடு 1956-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நீர்மின் திட்டத்தால் குந்தாவின் பெயர் நாடெங்கும் பரவிற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே, அம்மேட்டுப் புல்வெளிகளைத் தேடித் தோடர் தம் எருமைகளை ஓட்டிவந்து மேய்த்தனர். எருமையே தோடரின் செல்வம். அவர்தம் சிற்றூர் ‘மந்து’ எனப்படும்.

தோடருள் ஆடவரும் பெண்டிரும் உடலைச் சுற்றிப் போர்த்தும் ஆடை பூத்துக்குளி எனப்படுவது. தோடர் தறி நெய்வதில்லை. பிறர் நெய்த முரட்டுப் பருத்தித் துணியை வாங்கியே அதனை ஆக்குகின்றனர். வெண்ணிறத் துணியில் சிவப்பும் கறுப்புமான பட்டைகள் ஊடே நெய்யப்பட்டிருக்கும். இரட்டை மடிப்பாக அமைவதால் மலைக்குளிரை அது நன்கு தாங்கும். மடிப்பினிடையே பொருள் வைத்துக்கொள்ளப் பை ஒன்றும் உண்டு. பட்டைகளின் அருகே சிவப்பு, கறுப்பு நூல்களால் பெண்டிர் செய்யும் பூவேலையே அவ்வாடைக்குச் சிறப்பளிக்கிறது.

அப்பூவேலை செய்யும் முறை வியப்பூட்டுவது. துணியின்மேல் கோடு வரைவதில்லை, அச்சுக் குத்துவதில்லை, துணியை இழுத்துக்கட்டச் சட்டமும் வைப்பதில்லை. விரல்களாலேயே துணியை விரித்துப் பிடித்து, பாவு நூலையும் ஊடு நூலையும் எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகின்றனர். இத்தனை இழை விட்டு இத்தனை இழை எடுக்க வேண்டும் என்னும் கணக்கே அவர்களுடைய மாதிரித்தாள். ஓரிழை தவறினும், அடுத்த வரிசை பிறழும். அதற்கடுத்த வரிசையும் பிறழும். அப்போது பிரித்து மீண்டும் தைப்பதன்றி வேறு வழியில்லை. நூல் திரும்பும் இடங்களில் அதனை இறுக்கி இழுக்காமல் சிறிது தளர விடுவர். அதனால் பூவேலை துணியினின்றும் புடைத்துத் தோன்றும். முதன்முறை காண்போர் இது தறியில் நெய்யப்பட்டதென்றே மயங்குவர்.

எருமையின் கொம்பு, கதிரவன், மலர் எனத் தம்மைச் சூழ்ந்துள்ள பொருள்களையே அவர்கள் நூலில் வடிக்கின்றனர். இவ்வடிவங்கள் முன்னோர் வழங்கியவை. ஆயினும், எவ்வடிவத்தை எங்கு அமைப்பது, எவ்வரிசைக்குப்பின் எந்நிறத்தை எடுப்பது என்பது தைப்பவளின் மனத்தைப் பொறுத்தது. மரபு என்னும் எல்லைக்குள்ளே அவளுக்கு முழு உரிமை உண்டு. சிறுமியர் தாயின் அருகமர்ந்து, கண்ணால் கண்டும் கையால் செய்தும் இக்கலையைப் பயில்வர். விழா நாளில் அணியும் பூத்துக்குளியே, இறந்தவர்க்கும் இறுதியில் போர்த்தப்படுகிறது. ஆகவே, அவ்வாடையில் பிழை நேராமல் காப்பதை அப்பெண்டிர் கடமையாகவே கருதுவதில் வியப்பில்லை.

இன்று சால்வை, கைப்பை முதலியவற்றிலும் இப்பூவேலையைச் செய்து விற்று அவர்கள் பொருள் ஈட்டுகின்றனர். இயந்திரம் ஒரு வடிவத்தைச் சிறிது நேரத்தில் பல நூறு முறை அச்சிட்டுவிடும். கையால் செய்வதற்கோ நாள் பல ஆகும். போலிப் பொருள் மலிவாகக் கிடைக்குமிடத்து உண்மைப் பொருளுக்கு உரிய விலை கிடைப்பது அரிது. இந்நிலையில், 2013-ஆம் ஆண்டில் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. அக்குறியீடு கலையின் பெயரைப் பிறர் கவராமல் காக்கும். கலையைக் காக்க வேண்டியவை, இழையெண்ணக் கற்ற விரல்களே. தாயிடமிருந்து மகள் கற்காவிடின், எச்சட்டமும் அதனை உயிர்ப்பிக்க இயலாது.

ஊசியும் நூலும் சிறு பொருள்களே. ஆனால் அவற்றைக் கையாளப் பழகியவர் கிழிந்ததைச் செம்மை செய்வர், பொருந்தாததைப் பொருத்துவர், பிறர் உழைப்பின் அருமையையும் உணர்வர். மாணவ மாணவியர் ஒரு பொத்தானைத் தைப்பதிலேனும் தொடங்கி, தம் ஆடையைத் தாமே தைக்கும் திறம் பெறுதல் நன்று. முதலில் மாதிரித்தாள் துணை நிற்கட்டும். குந்தா மலையின் புல்வெளிகளில் எருமை மேய்த்தோரின் குலத்துப் பெண்டிர் காட்டுவதுபோல, இழைகளை எண்ணும் பொறுமை மட்டும் தைப்பவரின் சொந்த உடைமையாக இருத்தல் வேண்டும்.