சம உயரம், சம தூரம்

சிதம்பரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சுனாமி வந்த அன்று பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுதான் ஊர்களைக் காப்பாற்றியது. கடலை ஒட்டிய மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. காட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த ஊர்கள் பிழைத்தன. கண்ணால் கண்டவர்கள் சொல்லும் சாட்சி. அதை யார் மறுப்பது?

அதை எண்ணால் நிறுவ முனைந்தவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது அந்த மையம். பேராசிரியர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரத்தில் 18 ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு பொருள் போனது, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு காடு என்று கணக்கெடுத்து, காடு சேதத்தைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் கடலூர்க் கரையைப் பற்றி வேறொரு பன்னாட்டுக் குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது. உலகம் முழுக்க அந்தச் சேதி பரவியது.

மறு ஆண்டு, கதிரேசனும் ராஜேந்திரனும் எழுதிய அதே ஆய்விதழில் அவர்களுக்கு ஒரு மறுப்பு வந்தது. கெர், பெயர்ட், கேம்பல் என்ற மூவர் அதே 18 ஊர்களின் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். சம உயரத்தில், சம தூரத்தில் இருக்கும் ஊர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காடு அதிகம் உள்ள ஊரில் சாவு குறைவா? அப்படித் தெரியவில்லை. உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு மேட்டுக்கும் தொலைவுக்கும்தான் என்றது அவர்கள் கணக்கு. யோசித்தால் இதில் வியப்பில்லை. சுரபுன்னை வளர்வதே உப்பங்கழி ஓரத்தில். அதன் பின்னால் இருக்கும் ஊர், காடே இல்லாவிட்டாலும் கடலிலிருந்து தள்ளித்தான் இருந்திருக்கும். சுனாமி வேறு சாதாரண அலை மாதிரி சில விநாடிகளில் வந்து திரும்புவதில்லை. நிமிடக்கணக்கில் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். காற்றலையை அடக்கும் மரம் அதையும் அதே அளவுக்கு அடக்கும் என்று சொல்ல முடியாது.

காட்டை வெட்டக் காத்திருப்பவனுக்கு இது வசதியாகப் போய்விடுமே என்று ஆதங்கப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு முடிவு நமக்கு மிகவும் பிடித்துப்போனால் அதை இரண்டு மடங்கு உரசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பிடிக்காத முடிவை உரசிப் பார்க்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு 'உயிர்வேலி' என்று சொல்லிக் கரை நெடுகச் சவுக்கு நட்டார்கள். சில இடங்களில் மணல்மேட்டின் மேலேயே நட்டார்கள். உயரந்தான் காக்கும் என்றால், அந்த மேடு ஏற்கெனவே ஒரு வேலிதானே? புகழ் முழுவதும் மரத்துக்குப் போனதில், மணலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இதே கதைதான். 'நான் கண்டிப்பாக வளர்த்தேன், பையன் இன்றைக்கு இந்த நிலையில் இருக்கிறான்' என்பார் ஒருவர். அதே தெருவில், அதே பள்ளியில், அதே வருமானத்தில், அடிபடாமல் வளர்ந்த பையன் என்ன ஆனான் என்று கேட்டால் முகம் சுருங்கும். இன்னொருவர் வெந்தயத் தண்ணீர் குடித்துச் சர்க்கரையை இறக்கியவர். அதே மாதத்தில்தான் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக் காலையில் நடக்கவும் ஆரம்பித்தார். அது அவர் சொல்லும் கதையில் வராது. வெந்தயம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவதும் சோம்பேறித்தனந்தான். சில காக்கைகளுக்குப் பழத்தில் பங்கு உண்டு.

ஒடிசாவில் அப்படித்தான் ஆயிற்று. 1999 அக்டோபரில் அடித்த பெரும்புயலைப் பற்றி சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் கேந்திரபாடா மாவட்டத்தின் நூற்றுக்கணக்கான கிராமங்களை ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். மேலே சொன்ன மறுப்பெல்லாம் வந்த பிறகு செய்த வேலை. ஓட்டை விடாமல் செய்திருக்கிறார்கள். மற்ற வேறுபாடுகளோடு, ஒரு கிராமத்தின் முன்னால் பழைய காலத்தில் எவ்வளவு காடு இருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அதாவது, காடு வளரக்கூடிய இடமே பத்திரமான இடமா, அல்லது இன்றைக்கும் நிற்கிற காடுதான் காத்ததா என்று பிரித்துப் பார்த்தார்கள். காடு அகலமாக நின்ற கிராமங்களில் சாவு குறைவு என்பது தேறியது. கூடவே இன்னொன்றையும் மறைக்காமல் எழுதினார்கள்: அரசு முன்கூட்டி விடுத்த எச்சரிக்கை, காட்டைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. புயலில் காட்டுக்குக் கிடைத்த இந்தப் பெருமையை இனி யாரும் எளிதில் பிடுங்க முடியாது. கடுமையாகக் கேட்டவர்களால் கிடைத்த பெருமை இது.

புகழ் மட்டுமா, பழியும் பக்கத்தில் நிற்பவன் மேல்தான் முதலில் விழும். பிச்சாவரத்துக் காடு நடுநடுவே வழுக்கையாகிப் பாழாய்க் கிடந்தபோது, மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள் என்று சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் மேல் பழி சொல்லப்பட்டது. மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தபோது வேறு கதை வெளிப்பட்டது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வனத்துறையே பகுதி பகுதியாக மரத்தை மொத்தமாக வெட்டி எடுத்து வந்திருந்தது. வெயில் பட்ட ஈரமண் உலர்ந்து அமுங்கியது. தரை தொட்டி மாதிரி குழிந்தது. பெரிய ஓதத்தில் ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் அங்கேயே நின்று வற்றி உப்பாயிற்று. அந்த உப்பில் உமரிச் செடி வேண்டுமானால் முளைக்கும், சுரபுன்னை முளைக்காது.

காரணம் தெரிந்ததும் வேலை எளிதாகிவிட்டது. வேலி போட்டு மாட்டைத் தடுத்திருந்தால் காலத்துக்கும் பலன் இருந்திருக்காது. மீன்முள் வடிவத்தில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தார்கள். உப்பு கழுவிப் போனது; கன்றுகள் பிடித்துக்கொண்டன. அந்த வாய்க்கால்களை வெட்டும் வேலையிலும், பிறகு காட்டைப் பராமரிப்பதிலும் வனத்துறையோடு சேர்ந்து நின்றவர்கள், முன்பு பழி சுமந்த அதே ஊர்க்காரர்கள்தாம். வாய்க்கால்களில் வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது தூர் வாராவிட்டால் மறுபடி தண்ணீர் தேங்கும். அப்போதும் யாராவது மாட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள்.