மூன்று ராத்திரியில் ஒரு பாரதம்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் எனக்கு ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுத்தான். "தாத்தா, அவெஞ்சர்ஸை நேரா பாக்கக் கூடாது. முதல்ல அயர்ன் மேன், அப்புறம் ஹல்க், அப்புறம் அயர்ன் மேன் ரெண்டு, தோர், கேப்டன் அமெரிக்கா. அஞ்சும் முடிச்சாதான் ஆறாவது." 2008இல் தொடங்கி 2011 வரை ஐந்து படங்களை எடுத்து ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாக அறிமுகம் செய்துவிட்டு, 2012இல்தான் எல்லோரையும் ஒரே படத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். ஆறு படத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பணி ஓய்வு பெற்றவனிடம் நேரத்துக்குப் பஞ்சமில்லை. பார்த்தேன்.

அவன் அப்பாவுக்கு, அதாவது என் மகனுக்கு, இதில் உடன்பாடு இல்லை. "டிக்கெட் எடுத்து ஒரு படத்துக்குப் போனா அந்தப் படத்துக்குள்ளயே எல்லாம் இருக்கணும். வீட்டுப்பாடம் எழுதிட்டு வர்றதுக்கு இது என்ன பள்ளிக்கூடமா?" என்கிறான். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு பேரும் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். அன்றைக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்கு வேறொரு வழக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

அவெஞ்சர்ஸ் நம் ஊருக்கு வந்தது 2012 ஏப்ரல் கடைசியில். அதற்கு முந்தைய மாதம்தான் பந்துலுவின் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்ட பிரதியாக மறுபடி திரைக்கு வந்து, நூறு நாளுக்கு மேல் ஓடியது. 1964இல் வந்த படம். சிவாஜி கர்ணன், என்.டி. ராமராவ் கிருஷ்ணன், முத்துராமன் அர்ஜுனன், அசோகன் துரியோதனன். அதுவும் ஒரு கூட்டணிப் படம்தானே? ஆனால் பீமன் யார், அவனுக்கு ஏன் அத்தனை கோபம், தருமன் ஏன் பேசாமல் நிற்கிறான் என்று பந்துலு எங்கேயும் நின்று விளக்கவில்லை. கேட்டவர்களும் இல்லை. 1957இல் வந்த 'மாயா பஜா'ரை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பாரதக் கதைதான், அபிமன்யு கல்யாணம்தான், ஆனால் பாண்டவர் ஐந்து பேரில் ஒருவர்கூட படத்தில் வருவதில்லை. பார்த்த காலத்தில் இதை நாம் கவனித்தோமா? எனக்கே பல வருஷம் கழித்து ஒருவர் சொல்லித்தான் உறைத்தது. அவர்கள் நம் மனசுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் திரையில் இல்லாதது குறையாகத் தெரியவில்லை.

அப்படியானால் அந்த முந்தைய ஐந்து படங்களை நாம் எங்கே பார்த்தோம்? பாட்டி வாயில் பாதி. மீதி, திரௌபதி அம்மன் கோயில் களரியில்.

நம் பழைய தென்னாற்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் வெளியூரிலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட நண்பர்கள் பலர் இதைப் படிக்கிறார்கள், அவர்களுக்காக. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் என் சொந்த ஊரில் அப்போதெல்லாம் பத்து ராத்திரி கூத்து. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை எடுத்துக்கொண்டு கதை சொல்வார். ராத்திரியில் அதே கதையை ஜமாக்காரர்கள் ஆடுவார்கள். சுபத்திரை கல்யாணம் ஒரு ராத்திரி, பகாசுரனைப் பீமன் கொல்வது ஒரு ராத்திரி, துகிலுரிதல் ஒரு ராத்திரி, அர்ஜுனன் தபசு ஒரு ராத்திரி, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியாகப் பதினெட்டாம் போர். விடிந்தால் படுகளம். மண்ணால் செய்து தரையில் கிடத்திய அந்தப் பெரிய துரியோதனன், அவன் தொடையிலிருந்து ரத்தம் எடுத்துத் திரௌபதி கூந்தல் முடிவது, சாயங்காலம் தீமிதி.

பேரன் சொன்ன கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். பீமனுக்குத் தனி ராத்திரி, அர்ஜுனனுக்குத் தனி ராத்திரி, எல்லோரும் சேர்வது கடைசி ராத்திரி. மார்வெல்காரர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

நான் இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டுச் சைக்கிளில் வடலூர் வழியாகப் போவேன். போய்ச் சேர நடுநிசி ஆகிவிடும். அதனால் எல்லாக் கதையிலும் முதல் பாதியை விட்டவன் நான். ஆனாலும் ஒரு நாளும் புரியாமல் உட்கார்ந்ததில்லை. அதற்குக் காரணம் திரை. புதிதாக ஒரு வேஷம் வரும்போதெல்லாம் இரண்டு பேர் ஒரு வேட்டியைத் தூக்கிப் பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், கீழே சலங்கை கட்டிய கால். பின்னாலிருந்து பாட்டு வரும். திரை விலகும். கட்டியங்காரன், "நீங்க யாரு சாமி, எந்த ஊரு, என்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்பான். ராஜா தன் குலம், பேர், வந்த காரியம் எல்லாம் சொல்வார். கால் மணி நேரத்தில் அறிமுகம் முடிந்தது. தனிப்படம் தேவையில்லை என்று என் மகன் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் அறிமுகம் வேறு, பழக்கம் வேறு.

கர்ண மோட்சத்தன்று நடப்பதைச் சொல்கிறேன். கர்ணன் விழுவது விடியற்காலை. அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க ஜமாக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பொன்னுருவியைக் கொண்டுவருகிறார்கள். சிவாஜி படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இவளைத் தெரியாது. அதில் கர்ணன் மனைவி சுபாங்கி, தேவிகா நடித்தது. கூத்தில் வரும் பொன்னுருவி ராஜகுமாரி; தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று புருஷனை மதிக்காதவள். மறுநாள் சாகப்போகிறவன் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவன் தன் வீட்டில் ஒரு நல்ல வார்த்தைக்குக் கையேந்தி நிற்பான். இது ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போகும். பெண்கள் பக்கத்திலிருந்து பொன்னுருவிக்குத் திட்டு விழும். அப்புறம்தான் போர், அம்பு, குந்தி ஓடிவந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழுவது. அந்த ஒரு மணி நேரத்தை வெட்டிவிட்டு அம்பை மட்டும் விட்டுப் பாருங்கள், யாரும் அழமாட்டார்கள். கிரீடம் வைத்த இன்னொருவன் செத்தான், அவ்வளவுதான்.

பேரனிடம் இதைச் சொன்னபோது அவனே ஒரு உதாரணம் எடுத்துக் கொடுத்தான். சூப்பர்மேன், பேட்மேன் கோஷ்டியை வைத்து 2017இல் 'ஜஸ்டிஸ் லீக்' என்று ஒரு படம். ஆறு பேரில் மூன்று பேருக்கு அதற்கு முன் தனிப்படம் கிடையாது. இரண்டு மணி நேரப் படம், போட்ட பணத்துக்கு எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. தனிப்படம் எடுக்காமல் அவசரப்பட்டதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்களாம். ஆனால் 2021இல் அதே கதையை, முதலில் இயக்கிய ஸ்னைடரே நான்கு மணி நேரமாக வெளியிட்டார். அதில் சைபோர்க் என்று பாதி உடம்பு இயந்திரமான ஒரு பையன். அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் உள்ள மனத்தாங்கல்தான் முதல் படத்தில் வெட்டுப்பட்டுப் போன பகுதி. நீளப் படத்தில் அது முழுசாக வருகிறது. அவனுக்குத் தனிப்படம் அப்போதும் இல்லை, ஆனால் அந்தப் பையன் இப்போது ஒரு ஆளாகத் தெரிகிறான். கத்தரிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே படம் என்பதால் இதைவிடத் தெளிவாக ஒப்பிட முடியாது.

'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' (2014) இன்னும் சுலபம். யாருக்கும் முன்கதைப் படம் கிடையாது. ஒரு ரக்கூன், பேசும் மரம் எல்லாம் வருகிறது. ஆனால் படம் தொடங்கும்போதே ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவனின் அம்மா சாகிறாள். அதற்குப் பிறகு அவன் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் நாமும் கூடவே போகிறோம்.

நம் ஆட்களும் இப்போது இதில் இறங்கிவிட்டார்கள். லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019 தீபாவளிக்கு வந்தது. பத்து வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு, இதுவரை பார்த்தே இராத மகளைப் பார்க்கப் போகிறவன் டில்லி. 2022இல் வந்த 'விக்ரம்' படத்தில் கார்த்தி முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். தியேட்டர் அதிர்ந்தது. கைதி பார்த்தவர்களுக்கு அந்தக் குரலோடு அந்தக் குழந்தையும் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் அதே படத்தின் கடைசியில் சூர்யா ஐந்து நிமிஷம் வந்தாரே, ரோலெக்ஸ்? அந்த ஆளுக்கு முன்கதை ஏது? இருந்தும் கைதட்டல் ஓயவில்லை. அதற்குக் காரணம் சூர்யாவின் முகம். நம்மூரில் நடிகர் முகமே முந்தைய படம். அமெரிக்கக்காரர்கள் ஐந்து படம் எடுத்துச் சம்பாதிப்பதை நாம் ஒரு குளோசப்பில் வாங்கிவிடுகிறோம்.

இதில் ஆபத்தும் உண்டு. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் 'கூண்டுக்கிளி', 1954, ராமண்ணா டைரக்‌ஷன். சிநேகிதன் மனைவி மேல் ஆசை வைக்கிறவராகச் சிவாஜி, அந்தச் சிநேகிதனாக எம்.ஜி.ஆர். கதை விந்தனுடையது, நல்ல கதை. ஓடவில்லை. அப்போது நான் கைக்குழந்தை. பிற்பாடு பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இரண்டு பேரையும் தனித்தனியாகக் கொண்டாடியவர்களுக்கு அங்கே கதையில் வரும் ஆட்கள் கண்ணில் பட்டிருக்கவே முடியாது என்பதுதான். முன்படங்கள் அதிகமானாலும் சுமைதான்.

இப்போது அந்த இன்னொரு வழக்கு. எங்கள் ஊர்த் திருவிழாவில் பத்து ராத்திரி ஏழாகி, ஏழு ஐந்தாகி, இந்த வருஷம் மூன்று என்று முடிவாகிவிட்டது. ஜமாவுக்குக் கொடுப்பது, பந்தல், மைக் செட், சாப்பாடு எல்லாம் ஏறிவிட்டது. தறி போட்ட வீடுகளில் பாதிக்குத் தறி இல்லை. வரி கொடுக்கிற பிள்ளைகள் திருப்பூரிலும் துபாயிலும். மூன்றில் முதல் ராத்திரி துகிலுரிதல், அது இல்லாமல் கூந்தல் முடிவதற்கு அர்த்தமில்லை. மூன்றாவது பதினெட்டாம் போர், அது இல்லாமல் படுகளம் இல்லை. சண்டை வந்தது நடு ராத்திரிக்குத்தான். கூட்டத்தில் இளைஞர்கள் சொன்னது: "ஐயா, அரவான், அபிமன்யு, கர்ணன் எல்லாத்தையும் ஒரே ராத்திரியில போட்ருவோம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். நோட்டீஸ்ல 'மாபெரும் பாரதப் போர்'னு போட்டா கூட்டம் வரும்."

எனக்கு உடனே ஜஸ்டிஸ் லீக்தான் ஞாபகம் வந்தது. அதை அங்கே சொல்ல முடியுமா? கர்ணன் ஒருவன் போதும் என்றேன். இன்னொரு பெரியவர் விடவில்லை. "கர்ணனத்தான் சினிமாவுல பாத்துட்டாங்களே. அரவானை யாரு பாத்தாங்க? அவனுக்கு முன்னாடி ஒரு ராத்திரியும் கிடையாது, அவன் கதையே அந்த ஒரு ராத்திரிதான். அப்பயும் ஜனங்க அழுவலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நேரம் கட்டிப் போட்டது. உண்மைதான். அர்ஜுனனுக்கும் நாகக்கன்னிக்கும் பிறந்த பிள்ளை, பலியாவதற்கென்றே வருகிறவன். கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்துக்கொண்டு அழுவதைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். சாகும் முன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவன் ஒன்று கேட்டான் இல்லையா, அந்தக் கேட்டலில்தான் அவன் பலியாடு என்பதிலிருந்து மனுஷனாகிறான். அதற்குத் தனி ராத்திரி முந்தி வேண்டியதில்லை. ஆனால் அந்த ராத்திரி முழுசாக அவனுக்கு வேண்டும். மற்றவர்களோடு பங்கு போட்டால் அரவானுக்கும் கதி கர்ணனுக்கும் கதி ஒன்றுதான்.

கடைசியில் வாத்தியாரைத்தான் கேட்டோம். எழுபதைத் தாண்டியவர், இன்னும் துரியோதனன் கட்டுகிறார். அரிதாரம் பூசி, கட்டை எல்லாம் கட்டி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிறது அவருக்கு. "ஒன்றரை மணி நேரத்துல கர்ணனைக் கொல்லச் சொன்னா கொன்னுடலாம் சார். பெத்தவ வந்து அழுவ நேரம் இருக்காது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. நடு ராத்திரி கர்ண மோட்சம் மட்டும். அரவானுக்கு அடுத்த வருஷம் முறை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அந்தப் பெரியவர். அபிமன்யு கதையையும் மற்றதையும் பிரசங்கியார் சொல்வார்; பகலில் ஆளில்லை என்பதால் பிரசங்கத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறோம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுண்டலும் உண்டு.

பேரன் இந்த முறை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறான். கர்ணனுக்கு முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் கேட்டான். ஏழு மணிப் பிரசங்கத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

டவுன்ஷிப்பிலிருந்து வர நினைக்கும் நண்பர்கள் நடு ராத்திரிக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். சைக்கிளில் வந்த காலத்தில் எனக்கு வேறு வழியில்லை. பத்து மணிக்குத் திரை பிடித்துவிடுவார்கள். இந்தத் தடவை பொன்னுருவி முதலிலேயே வருகிறாள்.