அந்தப் பக்கம் போனால் ஏன் ப்ளஸ்?

கணக்கு வாத்தியாராக என் முதல் பத்து வருடத்தை ஒரே வாக்கியத்தில் ஓட்டினேன்: "மைனஸ் அந்தப் பக்கம் போனால் ப்ளஸ், ப்ளஸ் போனால் மைனஸ்." எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "அது ஏன் சார் மாறுது?" என்று கேட்டான். "அது ரூல், எழுதிக்கோ" என்றேன். மறுநாளும் கேட்டான். வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அந்த வருடம் முழுக்க அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. பையன் திருந்திவிட்டான் என்றே நினைத்தேன்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில்தான் அல்ஜீப்ரா என்ற பெயரே என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கி.பி. 820 வாக்கில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி ஒரு புத்தகம் எழுதினார். சொத்துப் பங்கீடு, வியாபாரம், நில அளவை இவற்றுக்கு உதவும் கணக்குகள். அதன் தலைப்பில் வரும் 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்தான் அல்ஜீப்ரா ஆனது. குறைந்ததை நிரப்புவது, உடைந்ததைப் பொருத்துவது என்று பொருள். 1615இல் வந்த 'டான் கிஹோட்டே' இரண்டாம் பாகத்தில், அடிபட்டவனுக்கு எலும்பு கட்டுகிற வைத்தியரைக் குறிக்கும் சொல்லே 'அல்ஹெப்ரிஸ்தா'.

புத்தகத்தில் ஒரு கணக்கு: ஒரு வர்க்கம், நாற்பது 'பொருளில்' நான்கு வர்க்கம் குறைந்ததற்குச் சமம். 'பொருள்' என்பது தெரியாத எண், வர்க்கம் அதன் வர்க்கம். எக்ஸ் கிடையாது, ப்ளஸ் மைனஸ் கிடையாது, எல்லாமே வார்த்தைகள். சமக்குறியே 1557இல்தான் ராபர்ட் ரெக்கார்டின் புத்தகத்தில் வருகிறது. அல்-குவாரிஸ்மி என்ன செய்கிறார்? வலப்பக்கம் குறைந்த நான்கு வர்க்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். அங்கே கொடுத்ததை இடப்பக்கமும் கொடுக்கிறார். ஐந்து வர்க்கம் நாற்பது பொருளுக்குச் சமம், ஒரு வர்க்கம் எட்டுப் பொருளுக்கு. ஆக, பொருள் 8. எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை! இரண்டு தட்டிலும் ஒரே எடையை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இப்போது பத்தாம் வகுப்பில் அவருடைய இன்னொரு கணக்கைப் படமாகவே போடுகிறேன். ஒரு வர்க்கமும் பத்துப் பொருளும் சேர்ந்தால் 39. சாக்பீஸால் ஒரு சதுரம். பத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலத்தில் வலப்பக்கம் ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மொத்தப் பரப்பு 39. மூலையில் ஒரு இடம் காலியாக நிற்கும். "அதை அடைக்க எவ்வளவு வேணும்?" என்பேன். "25!" என்று கத்துவார்கள். 39உம் 25உம் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8, ஐந்து போனால் 3. வர்க்கத்தை நிறைவாக்கும் முறை என்று நான் மனப்பாடம் செய்யச் சொன்னது இந்த மூலையைத்தான்.

போன மாதம் ஒரு பெண், "மைனஸ் 13 போட்டாலும் சரியா வருது சார். படத்துல அது எங்கே?" என்றாள். படத்தில் அது கிடையாது, பக்கத்தின் நீளம் மைனஸில் இருக்காது, அல்-குவாரிஸ்மியும் 3 மட்டும்தான் சொன்னார் என்றேன். ஆனால் 628இலேயே பிரம்மகுப்தர் மைனஸ் எண்ணைக் கடன் என்று வைத்துக் கூட்டக் கழிக்க விதி எழுதிவிட்டார் என்றும் சொன்னேன்.

"அப்போ கடனையும் கடனையும் பெருக்கினா ஏன் சார் ப்ளஸ்?"

மணி அடித்துவிட்டது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, மறுபடி சாக்பீஸை எடுத்தேன்.