ஆயில் பெயின்ட்டும் காரீயமும்: கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு நீண்ட இழை

1/
ஆயில் பெயின்டிங் பத்தி எழுத ஒரு டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். சென்னையில் இன்னைக்கு அரசு கவின்கலைக் கல்லூரியா இருக்கிற ஓவியப் பள்ளியை 1850-ல் ஆரம்பிச்சவரே ஒரு டாக்டர்தான். அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு சர்ஜன். அந்தத் தைரியத்துல எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
எனக்கு ஆயில் பெயின்டிங் சொல்லித் தர்றது என்கிட்ட வைத்தியத்துக்கு வர்ற ஒரு அண்ணன். ஐம்பதைத் தாண்டினவர். திருவள்ளூர் பக்கம் கடை போர்டு, சினிமா பேனர், பெரியவங்க போர்ட்ரெய்ட்னு வரைஞ்சு பிழைச்சவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் போச்சு. அப்புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு கம்பெனியில பெயின்டர். பழைய மெஷின் பாகங்களைத் தேய்ச்சு மறுபடி பெயின்ட் அடிக்கிற வேலை. ராத்திரி வீட்ல கேன்வாஸ்.

3/
அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "சார், ஆயில் காயாது. கெட்டியாகும்."
வாட்டர் கலர்ல தண்ணி ஆவியாகிப் போயிடும், கலர் நிக்கும். ஆளி விதை எண்ணெய் அப்படி இல்ல. காத்துல இருக்கிற ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒரு தோல் மாதிரி ஆகும். இறுகும்போது எடை கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். கடலை எண்ணெய்ல கலர் குழைச்சா வருஷம் ஆனாலும் பிசுபிசுன்னுதான் இருக்கும்.

4/
ரெண்டாவது பாடம்: "அடியில மெலிசு, மேல கொழுப்பு."
முதல் பூச்சுல டர்பன்டைன் அதிகம், எண்ணெய் கம்மி. மேல போகப் போக எண்ணெய் கூடணும். மாத்திப் போட்டா, மேல் பூச்சு முதல்ல இறுகிடும், அடியில இன்னும் அசைஞ்சுக்கிட்டு இருக்கும். நாளைக்கு வெடிப்பு விடும். ஐரோப்பாவின் பழைய மாஸ்டர்கள் கடைப்பிடிச்ச அதே விதி. நம்ம அண்ணன் இதை பேனர் சாரத்துல நின்னு கத்துக்கிட்டவர்.

5/
ஆயில் பெயின்டிங்கைக் கண்டுபிடிச்சது யான் வான் ஐக்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க. அவர் 15-ம் நூற்றாண்டு. ஆனா ஆப்கானிஸ்தானின் பாமியான் குகை ஓவியங்கள்ல, 7-ம் நூற்றாண்டிலேயே இறுகும் எண்ணெய்ல கலர் குழைச்சிருக்காங்கன்னு 2008-ல் ஆய்வாளர்கள் காட்டினாங்க. வான் ஐக்கோட பெருமை, அந்த முறையை யாரும் தொடாத உயரத்துக்குக் கொண்டு போனது.

6/
நம்ம பக்கம் இந்த வித்தை ரகசியமாவே இருந்தது. திருவனந்தபுரம் அரண்மனையில ராமசாமி நாயக்கர் ஆயில் தெரிஞ்ச ஓவியர். இளைஞன் ரவி வர்மாவுக்கு அவர் சொல்லித் தரலைன்னு சொல்வாங்க. 1868-ல் வந்த தியோடர் ஜென்சனும் பக்கத்துல நின்னு பார்க்க மட்டும்தான் விட்டாராம். பார்த்தே கத்துக்கிட்டார் ரவி வர்மா. அவரோட அசல் ஓவியங்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல இருக்கு.

7/
இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன். பழைய மாஸ்டர்களோட வெள்ளை எதுல இருந்து வந்தது தெரியுமா? காரீயம்.
ஒரு விளக்கம்: ரசம் வைக்கிற ஈயச்சொம்புல இருக்க வேண்டியது வெள்ளீயம், அது வேற உலோகம். நான் பேசறது பேட்டரியில இருக்கிற காரீயம்.
மண் பானையில வினிகர், மேல காரீயத் தகடு. பானைகளைக் குதிரைச் சாணத்துல புதைச்சு வாரக்கணக்குல மூடி வைப்பாங்க. சாணத்தோட சூடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து தகடு மேல வெள்ளைப் பொருக்கு கட்டும். அதைச் சுரண்டி, அரைச்சு, எண்ணெய்ல குழைச்சா ஈய வெள்ளை.

8/
அதை ஏன் விரும்பினாங்க? சீக்கிரம் இறுகும். வெடிக்காது. திக்கா வச்சாலும் நிக்கும். ரெம்பிராண்ட் ஓவியத்துல மூக்கு நுனியில, கழுத்துப் பட்டையில வெளிச்சம் மேடு கட்டி நிக்குமே, அது ஈய வெள்ளை. சிவப்புக்கு வெர்மிலியன்: பாதரசமும் கந்தகமும். சித்த மருத்துவத்துல சாதிலிங்கம்னு சொல்ற அதே பொருள்.

9/
இந்தக் கலரையெல்லாம் பட்டறையில அரைச்சவங்க பெரும்பாலும் சீடப் பசங்க. ஓவியத்துல கையெழுத்து மாஸ்டரோடது. தூளைச் சுவாசிச்சவங்க பேர் எங்கயும் கிடையாது.
1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்கள் பத்தி எழுதின புத்தகத்துல பெயின்டர்களுக்குன்னு தனியா எழுதியிருக்கார். காரீயத்தையும் பாதரசத்தையும் காரணமா சொல்றார். நோயாளிகிட்ட "நீ என்ன வேலை பார்க்கிறே?"ன்னு கேளுங்கன்னு டாக்டர்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

10/
அண்ணன் என்கிட்ட முதல்ல வந்தது பெயின்டிங் சொல்லித் தர இல்ல. வயித்துவலி. மலச்சிக்கல். மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கி ஆறு மாசம் ஓட்டியிருக்கார். ஹீமோகுளோபின் 9.8. எல்லாத்துக்கும் மேல, வலது மணிக்கட்டைத் தூக்க முடியல. "பிரஷ் கீழ சாயுது சார். வயசாயிடுச்சு போல"ன்னார்.
என்ன வேலைன்னு கேட்டேன். சொன்னார். ஈறைப் பார்த்தேன், பல்லை ஒட்டி நீலக் கோடு.

11/
ரத்தத்துல காரீயம்: ஒரு டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம். 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.
பேத்திக்கும் டெஸ்ட் எடுத்தோம். 8. குழந்தை கம்பெனிப் பக்கமே போனதில்லை. தாத்தாவோட யூனிஃபார்ம் வழியா வீட்டுக்கு வந்திருக்கு.

12/
அண்ணி அன்னைக்கே கலர் ட்யூபையெல்லாம் மூட்டை கட்டிட்டாங்க. "இந்தப் படம் வரையற கிறுக்குதான் காரணம்."
ஒவ்வொரு ட்யூபா எடுத்துப் படிச்சோம். வெள்ளை எல்லாம் டைட்டானியம். காரீயம் சேர்ந்த கலர் ஒண்ணுகூட இல்ல. ஓவியம் நிரபராதி.

13/
அப்போ எங்கிருந்து? பழைய மெஷின் மேல இருக்கிற மஞ்சள், ஆரஞ்சு பெயின்ட். மஞ்சள்ல லெட் குரோமேட் இருக்கலாம். பழைய இரும்புல ரெட் லெட் பிரைமர் இருக்கலாம். அதை கிரைண்டர்ல உலர்வா தேய்க்கிறார், மூக்குல ஒரு கைக்குட்டை.
இந்தியாவுல 2017 நவம்பர் 1 முதல் பெயின்ட்ல காரீயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது. ஆனா அந்த விதி வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலை பெயின்ட் அதுல வரல.

14/
என்னை யோசிக்க வச்சது இதுதான். அண்ணனோட குரு பேனர் பட்டறையில என்னென்ன சொல்லியிருக்கார் பாருங்க: பிரஷ் முனையை உதட்டுல வச்சு கூராக்காதே. கை கழுவாம பீடி தொடாதே. பழைய பெயின்ட்டை ஈரம் பண்ணாம தேய்க்காதே. நிறத்தோட குணத்தைச் சொல்லும்போதே அதோட விஷத்தையும் சொல்லிட்டார்.
கம்பெனியில அவர் கையில கிரைண்டரைத்தான் கொடுத்தாங்க. என்ன பெயின்ட், அதுல என்ன இருக்குன்னு யாரும் சொல்லல. "ஈரம் பண்ணித் தேய்க்கலாமா"ன்னு கேட்டிருக்கார். டைம் ஆகும்னு பதில்.
கைவினைன்னா பொருளை முழுசா தெரிஞ்சிருக்கிறது. அது கேன்வாஸை என்ன பண்ணும், நம்ம உடம்பை என்ன பண்ணும், ரெண்டும்.

15/
வைத்தியத்துல முதல் மருந்து, அந்தத் தூள்ல இருந்து வெளிய வர்றது. காரீய நச்சு சட்டப்படி டாக்டர் அறிவிக்க வேண்டிய நோய். எழுதி அனுப்பினேன். அவரை பேக்கிங் செக்‌ஷனுக்கு மாத்தினாங்க. ஓவர்டைம் போச்சு. மாசம் நாலாயிரம் ரூபாய் குறைஞ்சது. "கை வேணுமா காசு வேணுமான்னு கேக்கறீங்களே சார்"ன்னார். என்கிட்ட பதில் இல்ல.

16/
ஏழு மாசம் ஆச்சு. 52 இப்ப 24. ரத்தத்துல சீக்கிரம் குறையும், எலும்புல சேர்ந்தது வருஷக்கணக்குல மெதுவா வெளிய வரும். மணிக்கட்டு தூக்குறார். பேத்தியோட அளவு 4. அண்ணி ட்யூப் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

17/
பெயின்ட் தேய்க்கிற, பேட்டரி உருக்குற, வெல்டிங் பண்ற எல்லாருக்கும்:
• உலர்வா தேய்க்காதீங்க, ஈரம் பண்ணித் தேய்ங்க.
• கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் காரீயத் தூளைத் தடுக்காது. ஃபில்டர் வச்ச ரெஸ்பிரேட்டர் கேளுங்க.
• சாப்பிடும் முன், பீடி, ஹான்ஸ் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்க.
• வேலைத் துணியை வீட்டுத் துணியோட போடாதீங்க. குளிச்சுட்டுக் குழந்தையைத் தூக்குங்க.
• தீராத வயித்துவலி, ரத்தசோகை, கை பலவீனம் இருந்தா டாக்டர்கிட்ட உங்க வேலையைச் சொல்லி, ரத்தத்துல காரீயம் பார்க்கக் கேளுங்க.

18/
ஜூனியர் டாக்டர்களுக்கு ஒண்ணு. சிப்காட்ல பீகார், ஒடிசா பசங்க நிறையப் பேர் இருக்காங்க. மொழி தெரியலைன்னா மொழிபெயர்க்க ஆள் வச்சாவது அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: என்ன வேலை பார்க்கறீங்க?
உங்க வீட்ல பெயின்டர் யாராவது இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.