வேலிக்கு அந்தப்பக்கம் ஓர் ஆள்

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் தைப்பொங்கல் முடிந்தால் படிப்பு ஓய்ந்துவிடும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். பிள்ளைகள் இல்லம் இல்லமாகப் பிரிவார்கள். அணிநடை பழகுகிற மேளச் சத்தம் ஒழுங்கை வரை கேட்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டி முடியும்வரை ஊரில் வேறு கதை கிடையாது. வேலியடைப்புக்கும் அதே மாதங்கள்தான். மாரி மழைக்கு நட்ட கதியால் துளிர்த்திருக்கும். ஓலை காய வெயில் இருக்கும். பங்குனி வெயில் முதுகைச் சுடத் தொடங்கியிராது. அப்பா இரண்டுக்கும் ஒரே விசிலைத்தான் ஊதினார்.

அப்பா சங்கக்கடையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடக் காலத்தில் அவர் ஓடியதற்கோ பாய்ந்ததற்கோ வீட்டில் ஒரு கிண்ணம்கூடச் சாட்சி இல்லை. ஆனால் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைப் பற்றி வாய் திறந்தால் மூடமாட்டார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், 1956இல் மெல்பேர்ண், 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம், ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம் என்று மூச்சுவிடாமல் சொல்வார். பாய்ந்தது 2.03 மீற்றர். அப்பாவுக்கு அது ஆறடி எட்டங்குலம். அந்த உயரத்தைக் கிணற்றடி ஆடுகாலில் அளந்து கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். குளிக்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமல் துலாவில் கை வைக்க முடியாது.

அம்மா வடமராட்சிக்காரி. அவருக்கு அந்தக் கரிக்கோடு ஒரு பொருட்டே இல்லை. “எங்கட ஆனந்தன் தனுஷ்கோடிக்கு நீந்திப் போய்த் திரும்பியும் வந்தவர்” என்பார். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவர 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தவர். “பாயிறது ஒரு செக்கன் வேலை” என்பது அம்மாவின் வாதம். அதற்கு அப்பாவிடம் நல்ல பதில் இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த இறங்கி அங்கேயே இறந்துபோனதை மட்டும் அவர் ஒருநாளும் அந்த வாதத்துக்குள் இழுக்கவில்லை. அவர்களுடைய சண்டைக்கும் சட்டதிட்டம் இருந்தது.

எங்கள் வளவுக்குள் ஒரு தடைதாண்டல் பாதை இருந்தது. படலையில் தொடங்கும். சங்கக்கடையிலிருந்து வந்த வெறுஞ்சாக்குக்குள் கால்களை விட்டு மாமரம் வரை துள்ள வேண்டும். அங்கே சாக்கை எறிந்துவிட்டு ஆட்டுக்கொட்டிலின் குறுக்குத்தடிக்குக் கீழே தவழ வேண்டும். ஆடு நக்கினால் அது தடையில் சேர்த்தி, நேரத்தில் கழிவு கிடையாது. பிறகு பங்கர். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது எல்லா வீட்டாரையும்போல நாங்களும் ‘ட’ வடிவில் ஒன்று வெட்டியிருந்தோம். நாலு அடி செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கு போட்டுப் போட்டு அப்பாவின் உள்ளங்கை தோல் உரிந்துபோயிற்று. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்திருந்தோம். விளையாட்டில் அதன் ஒரு வாயால் இறங்கி மறுவாயால் ஏற வேண்டும். அதற்குப் பிறகு கிணற்றை ஒரு சுற்று. கடைசியாக வேலிப் பொட்டுக்குள்ளால் பெரியம்மா வளவுக்குள் புகுந்து, அவருடைய வாழைகளில் கை படாமல் வளைந்து, மறுபொட்டால் திரும்பி வர வேண்டும். திண்ணையில் இருந்த அம்மம்மாதான் நடுவர். அவருக்குக் கண் மங்கல். யார் முதல் வந்தது என்பதைக் காலடிச் சத்தத்தில் சொல்வார். மேன்முறையீடு இல்லை.

இப்போது நினைத்தால், உண்மையான விமானச் சத்தம் கேட்ட நாட்களில் நாங்கள் பங்கருக்குள் போன வேகத்துக்கு அந்தப் பழக்கமும் காரணம் என்று படுகிறது. அப்பா அதற்காகத்தான் அந்தப் பாதையைப் போட்டாரா? நான் கேட்டதில்லை. அவரும் சொல்லாமலே போய்விட்டார்.

1990இல் தொடங்கிய ஐந்து வருடமும் மின்சாரம் இல்லை. பற்றறி வருவதற்குத் தடை, பெற்றோல் வருவதற்குத் தடை. ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கையால் பெடலைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். ஊரெல்லாம் இதுதான் வழி. அப்பா கொஞ்சம் முன்னேற்றி, சைக்கிளை நிமிர்த்திப் பின்சில்லு நிலத்தில் படாதபடி ஒரு மரச்சட்டம் அடித்தார். ஏறி இருந்து மிதிக்கலாம். ஆளுக்குப் பத்து நிமிடம். 1992 உலகக் கிண்ணத்தை அப்படித்தான் மிதித்துக் கேட்டோம். இதில் ஒரு சிக்கல்: விக்கெட் விழுந்த சந்தோசத்தில் மிதிக்கிறவன் துள்ளிக் குதித்தால் வானொலி நின்றுவிடும். விழுந்தது யார் என்று தெரியாமல் எல்லோரும் அவனை அடிக்கப் போவார்கள். இம்ரான் கானின் ஆட்கள் கிண்ணத்தைத் தூக்கிய நேரம் சைக்கிளில் இருந்தவள் அக்கா. அவள் குதிக்கவில்லை. கடைசி வசனம் வரை ஒரே சீராக மிதித்தாள்.

1995 தை மாதம் சண்டை நின்றது. அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையே 8ஆம் திகதி தொடங்கிய ஓய்வு சித்திரை 19 வரை, ஏறக்குறைய நூறு நாள் நீடித்தது. என்னுடைய ஏக்கம் பெரும்பாலும் அந்த நூறு நாளுக்குள்தான் சுற்றுகிறது. அந்த வருடப் போட்டியில் யாரும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கவில்லை. தென்னோலைத் தோரணமும் கடதாசிப் பூவுமாக இல்லங்களை அலங்கரித்தோம். மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றர் ஒலிபெருக்கியைவிட அதிகம் சத்தம் போட்டது. ஓட்டம் தொடங்கத் துவக்கு வெடிக்கவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்து அடித்தார். தடைதாண்டலில் மீன்வலை, ரயர், வாங்கு, நூலில் தொங்கிய பணிஸ் எல்லாம் இருந்தன. எனக்கு மூன்றாமிடம். அதை விடுங்கள். பெற்றோர் ஓட்டத்தில் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தேசிக்காயும் கரண்டியுமாக வந்தார். மற்ற அம்மாமார் சிரித்துச் சிரித்துத் தேசிக்காயை உருட்டிக்கொண்டிருக்க, இவர் சிரிக்கவே இல்லை. முகத்தில் ஒரு பாக்கு நீரிணை. வென்றது ஒரு பிளாஸ்ரிக் வாளி. அடுத்த நாளே கிணற்றடிக்கு வந்துவிட்டது.

போட்டி முடிந்த கிழமையே வேலி. சண்டைக்காலத்தில் கிழிந்த இடத்தை மட்டும் பொத்திப் பொத்தி வந்த வேலியை அந்த வருடம் முழுதாக அடைப்பது என்று அப்பா முடிவெடுத்தார். தென்னோலையை நடுவால் கிழித்து ஊறப்போட்டோம். ஊறிய ஓலையின் வாடை வளவை நிறைத்தது. அம்மாவும் அக்காவும் பெரியம்மாவும் வரிசையாகக் குந்தியிருந்து கிடுகு பின்னினார்கள். அதிலும் போட்டிதான், அம்மம்மா எண்ணினார். கழித்த மட்டையில் நல்லதாக ஒன்றைப் பார்த்துக் கிரிக்கெட் மட்டையாகச் செதுக்கிக்கொள்ளும் உரிமை எனக்கு.

கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளுக்கு ஒருவர், ஒழுங்கைப் பக்கம் ஒருவர். முழங்கை நீளமான குத்தூசியின் காதில் கயிற்றைக் கோத்து உள்ளிருப்பவர் கிடுகுக்குள்ளால் குத்துவார். குத்த முன் “வருது!” என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் மறுபக்கம் கண் போய்விடும். வெளியில் நிற்பவர் கயிற்றைக் கழற்றிப் பிடித்துக்கொள்வார். ஊசி திரும்பி, கதியாலுக்கும் வரிச்சுக்கும் மற்றப் பக்கத்தால் வெறுங்காதோடு வரும். அதில் கயிற்றைக் கோத்துவிட்டால் உள்ளிருப்பவர் இழுத்து இறுக்குவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான். “கோத்திட்டியே?” “ஓம், இழு.” “கொஞ்சம் தளர்த்து.” “இஞ்சாலை மேல குத்து.” நான் உள்ளுக்கு, அக்கா வெளியில். பெரியப்பா வீட்டு வேலியை அண்ணாமார் கட்டினார்கள். எந்த வேலி முதலில் மூலைக் கதியாலுக்குப் போகிறது என்று அப்பா விசிலோடு நடுவில் நின்றார். எல்லைக் கதியாலை ஒரு சாண் நகர்த்தியதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் உள்ள ஊரில், இரண்டு வீட்டுக்காரர் வேலியில் ஓட்டப்போட்டி வைத்ததைச் சிலர் பைத்தியம் என்றே சொன்னார்கள்.

அக்காவுக்கு அந்த வெளிப்பக்கம் கட்டோடு பிடிக்காது. பின்னேரம் ரியூசன் முடிந்து பெடியள் சைக்கிளில் அந்த ஒழுங்கையால்தான் போவார்கள். தலையெல்லாம் ஓலைத்தூசி, பழைய சட்டை, கையில் கயிறு. மணிச் சத்தம் கேட்டால் வேலியோடு வேலியாக ஒட்டிக்கொள்வாள். நான் இங்கிருந்து “கோத்திட்டியே?” என்று கத்துவேன். பதில் வராது. சைக்கிள்கள் போன பிறகுதான் “ஓம்” வரும். அண்ணாமாரிடம் தோற்றதற்கு அந்த மௌனங்கள்தான் காரணம் என்று நான் சொல்வேன். அவள் ஒத்துக்கொண்டதில்லை.

சண்டை திரும்பி வந்தது. அந்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்களும் நடந்தோம். அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். இங்கே எனக்கு அது வேண்டாம். கிடுகு வேலிக்கு ஆயுசு ஒன்றிரண்டு வருடம்தான். எங்களுடையதில் பாதி ஆயுசை யாரும் பார்க்கவில்லை.

இப்போது அந்த வளவுக்கு மதில். ஊரில் அநேகமான ஒழுங்கைகளில் இப்போது மதில்தான், இல்லாத இடத்தில் தகரம். வெளிநாட்டுக் காசு வேலியைத் தின்றுவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு முழுதாகச் சேரமாட்டேன். கிடுகைக் கறையான் தின்னும், வருடா வருடம் கூலி ஏறும், வீட்டில் இருப்பது வயதான இரண்டு பேர். வேலி கட்ட வேலிக்கு இருபுறமும் பிள்ளைகள் வேண்டும். மதிலுக்கு ஒரு மேசன் போதும்.

நான் இப்போது குடியிருக்கும் ஸ்காபரோவில் போன கோடையில் பின்வளவுக்கு நானும் மகளும் சீடர் மரப்பலகையில் வேலி அடித்தோம். ரொறன்ரோ மாநகரச் சட்டப்படி பின்வளவு வேலி 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. எதிர்வீரசிங்கம் என்றால் மேலே மூன்று சென்ரிமீற்றர் மிச்சம் வைத்துப் பாய்ந்திருப்பார் என்று மகளிடம் சொன்னேன். அவள் தொலைபேசியில் தேடிப் பார்த்து உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டாள். வேலை சுத்தமாக முடிந்தது. ஸ்க்ரூ ஒரு பக்கத்திலிருந்தே இறங்கிவிடும், மறுபக்கம் யாரும் வேண்டாம். அயல்வீட்டுக்காரர் எல்லாம் முடிந்த பிறகு வந்து நன்றாயிருக்கிறது என்று கைகாட்டினார்.

மகளுக்குச் சேற்றோட்டத்தில் பைத்தியம். 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்பார்ட்டன் ஓட்டத்தின் சிறிய வகையில்கூட ஐந்து கிலோமீற்றருக்குள் இருபது தடை. பனிச்சறுக்கு மலைச்சரிவில் மண்மூட்டை தூக்க வேண்டும், கல் வாளி சுமக்க வேண்டும், முள்கம்பிக்குக் கீழே உருள வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும். காசு கட்டிச் சேற்றில் புரளுகிறார்கள் என்று என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அப்படிச் சிரிக்க வரவில்லை. நானும் அவளோடு ஓடினேன். பெரும்பாலான இடங்களில் எல்லோரும் தங்கள் தங்கள் நேரத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள், என் காலில் கட்டிய சிப்பும் எனக்காக மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. உயர்ந்த மரச்சுவர் ஒன்றில் மட்டும் நான் நெஞ்சு வரை ஏறித் தொங்கியபோது, அந்தப்பக்கம் இறங்கிய யாரோ திரும்பி ஏறி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். முகம் முழுக்கச் சேறு, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. நன்றி சொல்ல முன் போயாயிற்று. வீட்டுக்கு வந்தும் அந்தப் பிடி மணிக்கட்டில் இருந்தது. அன்றிரவே பாரிஸில் இருக்கும் அக்காவுக்கு, அங்கே விடியும்வரை பொறுத்திருந்து, அழைப்பெடுத்தேன்.

அந்த அழைப்பில் ஒரு யோசனை பிறந்தது. ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஊர்ச்சங்கம் பூங்காவில் ஒன்றுகூடல் வைக்கும். சாக்கோட்டம், கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, பெரியவர்களுக்குக் கிளித்தட்டு. அடுத்த முறை வேலியடைப்புப் போட்டி ஒன்றையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். கிடுகுக்கு எங்கே போவது என்றார்கள். தோட்டக் கடையில் சுருளாக விற்கும் நாணல் தட்டி போதும் என்றேன். காப்புறுதி, கண், ஊசி என்று ஒரு மணித்தியாலம் விவாதித்து, ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள். குத்தூசிக்கு ஊரில் பெரியம்மாவின் பேரனைக் கேட்டேன். “இதோ மாமா?” என்று அவன் வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இருந்தது சாக்குத் தைக்கிற ஊசி. கடைசியில் மிஞ்சிய சீடர் துண்டில் நானே ஒன்று செதுக்கினேன்.

அக்கா பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். ஒரே நிபந்தனை. “முப்பது வருசத்துக்கு முன்னம் நான் ஒழுங்கையில நிண்டது காணும். இந்த முறை நான்தான் உள்ளுக்கு.” இதைக் கேட்டுக்கொண்டிருந்த மகள், ஊசி குத்துகிற பக்கம் தனக்கென்று நான் ஏற்கெனவே வாக்குக் கொடுத்ததை நினைவூட்டினாள். இரண்டு பேரும் உள்ளுக்கு நின்றால் கயிற்றை யார் கோப்பது என்று தொலைபேசியின் இருபக்கமும் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.