பினாங்கில் ஒரு மஸ்டாங் வாரம்

ஞாயிறு, விடிகாலை

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்களை வைத்து, மூக்கை நீட்டி, வாலைக் குறுக்கி, நான்கு பேர் உட்காரும்படி செய்த வண்டி. தொடக்க விலை 2,368 டாலர். இரண்டு ஆண்டுக்குள் பத்து லட்சம் வண்டிகள் தயாராகிவிட்டன. 1953-இல் வந்த, இரண்டு இருக்கையும் கண்ணாடியிழை உடலும் கொண்ட கோர்வெட்தான் அசல் ஸ்போர்ட்ஸ் கார், மஸ்டாங் வேடம் கட்டிய குடும்பக் கார் என்று கறாரானவர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். பினாங்கு போன்ற ஊரில் தினமும் ஓட்ட அந்தக் குடும்பக் கார் குணமே கைகொடுக்கிறது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முன் ஆக்சிலரேட்டரை ஒரு முறை தரைவரை அழுத்தி விட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரின் சோக் மூடிக்கொள்ளும். பிறகு சாவி. 4.7 லிட்டர் வி8 எஞ்சினின் ஓசை ஒரே சீராக வராது. எட்டு சிலிண்டர்களும் சமமான இடைவெளியில்தான் வெடிக்கின்றன. ஆனால் இடப்புற நான்கும் வலப்புற நான்கும் மாறி மாறி வெடிப்பதில்லை. ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடித்துவிடும். புகைக்குழாயில் கேட்கும் அந்தக் கொந்தளிப்புக்கு இதுவே காரணம். இந்த ஓசைக்காகவே வண்டி வாங்குபவர்கள் உண்டு.

கர்னி டிரைவில் கடல்காற்று. தஞ்சோங் தோக்கோங், பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் கடந்ததும் சாலை மலையேறி, டுரியான் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பாலேக் புலாவ் போய்ச் சேர்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் ஒவ்வொரு வளைவுக்கும் சக்கரத்தை நிறையச் சுற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. டிரம் பிரேக் சூடேறினால் பிடி தளரும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரிலேயே கை, கால், காது மூன்றுக்கும் முழு வேலை. இன்றைய கார் அந்த வேகத்தில் ஓட்டுபவரைத் தூங்க வைக்கும்.

டுரியான் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் இடையே இரும்புச் சுவர் கிடையாது. வீடு வரை வாசனை கூடவே வரும்.

திங்கள்

வேலைக்குப் பெருநிலம் போய்த் திரும்பும் நாள். 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில், தீவுக்கு வரும் திசையில் மட்டுமே டோல். கார்டு தொடும் கருவி வலப்பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த மஸ்டாங்கின் ஸ்டியரிங் இடப்பக்கம். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் கை நீட்டுவார். இல்லையென்றால் ஓட்டுபவர் இருக்கை தாவ வேண்டும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

இது வரலாறு வைத்த வில்லங்கம். பிரிட்டிஷ் மலாயாவுக்கு வந்த ஃபோர்டு கார்களில் பெரும்பங்கு கனடாவில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்யப்பட்டவை. பேரரசுக்குள் செய்த பொருளுக்கு வரிச் சலுகை இருந்தது. 1926-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஃபோர்டு மலாயா, கனடா ஃபோர்டின் கிளை. மஸ்டாங்குக்கு அந்த வழி வாய்க்கவில்லை. 1965, 66-இல் ஆஸ்திரேலியா ஃபோர்டு ஏறத்தாழ 200 வண்டிகளை மட்டும் வலப்பக்கத்துக்கு மாற்றி விற்றது. தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டியரிங்கோடு மஸ்டாங் செய்யத் தொடங்கியது 2015-இல்தான்.

புதன்

சூலியா தெருவிலும் லிட்டில் இந்தியாவிலும் இந்த வண்டி நுழையுமா என்று பலரும் கேட்கிறார்கள். 1965 மஸ்டாங்கின் அகலம் 1.73 மீட்டர், இன்றைய ஹோண்டா சிவிக் 1.8 மீட்டர். ஆகவே இடம் போதும். படுத்துவது வெயில்தான். நெரிசலில் ஊர்ந்தால் வெப்பமானியின் முள் ஏறும். எஞ்சினை அணைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனால், அந்தச் சூட்டில் கார்புரேட்டரின் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழியும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் கிளம்பாது. ஆக்சிலரேட்டரை அடித்து அடித்து மிதிப்பது வீண். மேலும் பெட்ரோல்தான் கொட்டும். முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால் காற்று நிறையப் போய்க் கிளம்பிவிடும்.

அதற்குள் மாமாக் கடை வாசலில் கூட்டம் சேர்ந்திருக்கும். "அண்ணே, இது எந்த வருசத்துக் காடி? எண்ணெய் எவ்வளவு குடிக்கும்?" இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் சொல்லும் உரிமையாளர் அரிது.

வியாழன்

ஒர்க்‌ஷாப். ஜப்பானியக் காருக்கான மில்லிமீட்டர் ஸ்பானர் இதற்குச் சேராது. அங்குல அளவு வேண்டும். மற்றபடி பயமில்லை. எண்ணிக்கை பெருகிய வண்டி என்பதால் கதவுக் கைப்பிடியிலிருந்து தரைத்தகடு வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது.

சனி, மழை

பினாங்கில் மழை பெய்யாத மாதம் இல்லை. காற்றில் உப்பும் உண்டு. மஸ்டாங்கின் பலவீனமும் இங்கேதான். முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றுத்துளைகள் வழியே இறங்கும் மழைநீர், உள்ளிருக்கும் தகட்டறையில் தேங்கித் துருவை வளர்க்கும். அறை ஓட்டையானதும் ஓட்டுபவரின் காலடியில் சொட்டும்; விரிப்புக்குக் கீழே தரைத்தகடும் அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் சல்லடை. கோர்வெட்டின் கண்ணாடியிழை உடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் அடிச்சட்டம் இரும்பு.

வாங்க நினைப்பவர்கள் எஞ்சின் ஓசையில் மயங்குவதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் கேளுங்கள். கண்ணாடிக்கு அடியிலுள்ள துளைகளில் ஊற்றிவிட்டு, உள்ளே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நனைந்திருந்தால் விலையைக் குறையுங்கள், அல்லது வேறு வண்டி பாருங்கள்.