ஆறு பேர் ஏறும் வீடு

அமெரிக்காவில் பெரிய டிரெய்லர் வாங்கக் கிளம்பும் குடும்பம் முதலில் போய் நிற்பது விற்பனை மைதானத்தில்தான். உள்ளே ஏறியதுமே மனம் மயங்கிவிடும். நடுவில் மேடை போட்ட சமையலறை, மின்சாரக் கணப்பு, சாய்வு நாற்காலிகள், சுவரளவு தொலைக்காட்சி. அந்தப் படியில் கால் வைக்குமுன், அதை இழுக்கப்போகும் பிக்அப் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள் என்றுதான் நான் யாருக்கும் சொல்வேன். கதவுச் சட்டத்தில் மஞ்சள் நிறம் கலந்த ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். குடும்பத்தோடு ஊர் சுற்றப்போகிறவர்களின் தேர்வு அந்த எண்ணில்தான் தொடங்க வேண்டும்.

நாங்கள் தேடியது ஆறு பேருக்கு. நான், என் கணவர், பிள்ளைகள் இருவர், திருநெல்வேலியிலிருந்து வந்தால் சில மாதங்கள் தங்கிப்போகும் என் அப்பா அம்மா. அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அப்பாவுக்கு முழங்கால் வலி; நெடும்பயணத்தில் கழிப்பறை எப்போது வரும் என்ற கவலையிலேயே தண்ணீர் குடிக்காமல் வருவார். இவ்வளவு பெரிய நாட்டுக்கு வந்துவிட்டு அவர்கள் எங்கள் வீட்டுச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் கூடவே வந்தால் அவர்களும் எங்களோடு வரலாம். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் பக்கம் நாங்கள் போனது அப்படித்தான்.

சாதாரண டிரெய்லர், டிரக்கின் பின்பக்க பம்பருக்குக் கீழே ஓர் இரும்பு உருண்டையில் மாட்டிக்கொள்ளும். ஃபிஃப்த் வீலின் முன்பகுதியோ உயர்ந்து, டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேலாக நீண்டு வரும். அதன் அடியில் தொங்கும் கிங்பின் என்ற தடித்த இரும்பு முளை, தொட்டிக்குள் பொருத்திய பூட்டில் போய் மாட்டும். அந்தப் பூட்டு டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னேயோ இருக்கும். பாரம் அச்சின் மேலேயே இறங்குவதால் பக்கக்காற்று அடித்தாலும், பெரிய லாரி உரசினாற்போலக் கடந்தாலும், டிரெய்லர் வாலாட்டுவது மிகக் குறைவு. விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920களின் கடைசியில் ஏரோகார் என்ற பெயரில் டிரெய்லர்களைக் கொண்டுவந்தபோதும் இணைப்புக்கு இதே தத்துவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். வயதானவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்து வரும் வண்டிக்கு இந்த நிதானம் பெரிய விஷயம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. உருண்டையில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் வைப்பது பதினைந்து முதல் இருபத்தைந்து. கணக்குப் போட்டுப் பாருங்கள். 14,000 பவுண்டு வரை அனுமதியுள்ள ஒரு குடும்ப டிரெய்லர், சாமான்கள் ஏற்றியபின் 13,500 பவுண்டு வருகிறது என்போம். அதில் இருபது சதவீதம் 2,700. பூட்டின் எடை ஏறக்குறைய 150. ஆறு பேர் நாங்கள், குழந்தைகள் சிறியவர்கள் என்றாலும், 800. மொத்தம் 3,650 பவுண்டு, அதாவது 1,650 கிலோவுக்கு மேல், அந்த டிரக்கின் முதுகில். முக்கால் டன் என்று சொல்லப்படும் டீசல் டிரக்குகள் பலவற்றின் ஸ்டிக்கரில் இருப்பது 2,000, 2,500 என்ற அளவுதான். விற்பவர் இழுவைத் திறனைச் சொல்வார். அது பெரிய எண், கேட்க நன்றாக இருக்கும். இழுக்க முடிவது வேறு, சுமக்க முடிவது வேறு. பிரேக்கும் டயரும் பின் அச்சும் அறிந்திருப்பது சுமையை மட்டும்தான். அந்தக் கணக்கு எங்களை ஒரு டன் டிரக்குக்கு, அதிலும் பின்னால் நான்கு சக்கரம் உள்ளதற்குக் கொண்டுபோய் விட்டது. அவற்றில் பலவும் 5,000 பவுண்டுக்கு மேல் சுமக்கும்.

விளம்பரத் தாளில் முளையின் மேல் விழும் எடை என்று அச்சிட்டிருப்பது காலி டிரெய்லருக்கு உரியது. பேட்டரி, முன்னறை அலமாரித் துணிகள், அங்கேயே வைக்கும் துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அதோடு கூடும். ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 60 காலன் தொட்டியை நிரப்பினால் 500 பவுண்டு. இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

இருக்கை விஷயமும் அப்படித்தான். டிரெய்லருக்குள் எட்டுப் பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். ஓடும்போது உள்ளே ஆட்களை உட்காரவைக்கச் சில மாநிலங்களின் சட்டம் இடம் தருகிறது. என் பிள்ளைகளை நான் உட்காரவைக்க மாட்டேன். அங்கே முறையான இருக்கையும் பெல்ட்டும் கிடையாது. ஆகவே டிரக்கில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான் குடும்பம். விலை உயர்ந்த ரகங்களில் முன் இருக்கைகளுக்கு நடுவே பெட்டி வைத்து ஐந்து பேருக்கு முடித்துவிடுகிறார்கள். முன்னால் மூவர் உட்காரும் நீள இருக்கை எளிய ரகங்களில்தான் கிடைக்கிறது. எங்களுக்கு வேண்டியது அதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகே டிரெய்லர் வீட்டுக்குள் போனோம். அம்மாவை வீடியோவில் அழைத்துச் சுற்றிக் காட்டினேன். சமையலறையைக் காட்டினேன், சன்னல்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏட்டி, ராத்திரி எந்திரிச்சா அப்பா எத்தன படி எறங்கணும்?"

அங்கிருந்த யாருக்கும் தோன்றாத கேள்வி. ஃபிஃப்த் வீலில் பெரிய படுக்கையறை டிரக்குக்கு மேலே வரும் உயர்ந்த பகுதியில் இருக்கும். குளியலறையும் பெரும்பாலும் அங்கேதான். கூடத்திலிருந்து இரண்டு மூன்று படி ஏற வேண்டும். அப்பா அம்மாவுக்கு மேலறையைக் கொடுத்தால் பகல் முழுவதும் ஏறி இறங்க வேண்டும்; கூடத்துச் சோபாவில் படுக்கவைத்தால் இரவில் படியேறிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். இரண்டும் சரியில்லை. கடைசியில் எங்களுக்குப் பொருந்தியது பின்கோடியில், கீழ்த்தளத்திலேயே ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு சிறு கழிப்பறையும் உள்ள அமைப்பு. அறையின் கீழே மடக்குச் சோபா, மேலே பிள்ளைகளுக்குப் பரண் படுக்கை. சோபாவைக் கழற்றிவிட்டு நிரந்தரக் கட்டிலும் நல்ல மெத்தையும் போட்டுவிட்டோம். "பேரப்பிள்ளைக மேல படுக்கட்டும், நாங்க கீழ படுத்துக்கிடுதோம்" என்று அம்மா சொன்னபோது அந்த அறையின் மதிப்பு எனக்கு இன்னும் கூடியது.

பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் சொல்கிறேன். இந்த வீடுகளின் பக்கச் சுவர்கள் நிறுத்தியபின் வெளியே நகர்ந்து அறையை அகலப்படுத்தும். விற்குமிடத்தில் எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் உள்ளே இழுத்து மூடச் சொல்லுங்கள். மூடிய நிலையில் கதவைத் திறந்து ஏறி, கழிப்பறைக்கும் குளிர்பெட்டிக்கும் போக முடிகிறதா என்று நடந்து பாருங்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பத்து நிமிடம் நிற்கும்போது வீடு அந்த நிலையில்தான் இருக்கும். நாங்கள் விரும்பிய அழகான வீடு ஒன்று அங்கேயே தோற்றது. சமையல் மேடை நகர்ந்து வந்து வழியை முழுதாக அடைத்துவிட்டது.

அடுப்படியில் நான் பார்த்தது காற்றை வெளியே தள்ளும் விசிறியை. சிலவற்றில் அது காற்றை வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறது. கடுகு வெடித்து மிளகாய் கமறும் சமையலுக்கு அது உதவாது. இட்லி ஆவியும் உள்ளேயே தங்கிச் சுவரில் ஈரமாகப் படியும். மின் இணைப்பு 50 ஆம்பியராக இருந்தால் 12,000 வாட் வரை கிடைக்கும், 30 ஆம்பியரில் 3,600தான். வெயில் காலத்தில் இரண்டு குளிர்சாதனங்களோடு கிரைண்டரும் ஓட வேண்டுமானால் முன்னதுதான் சரி.

நீளத்தில் நான் பேராசைப்படவில்லை. 42 அடியில்கூடக் கிடைக்கிறது. தேசியப் பூங்காக்களின் முகாம் மைதானங்கள் பலவும் 1930களில் கூடாரங்களையும் சிறு வண்டிகளையும் மனதில் வைத்து அமைத்தவை. அங்கே அவ்வளவு நீளம் திரும்பாது. உயரமும் அப்படியே. இந்த டிரெய்லர்கள் 13 அடி வருகின்றன. வட கரோலைனாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குலமாக இருந்த ரயில் பாலம் ஒன்று எத்தனையோ லாரிகளின் கூரையை உரித்த பிறகு, 2019இல் அதை உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் 12 அடி 4 அங்குலம்தான். கார்களுக்கு வழி சொல்லும் செயலியை நம்பி இந்த வீட்டை இழுத்துப் போகவே கூடாது.

மொன்டானாவின் கிளேசியர் பூங்காவுக்குப் போகப் பிள்ளைகளுக்கு ஆசை. அங்கே மலையைக் குறுக்காகக் கடக்கும் கோயிங்-டு-தி-சன் சாலையின் உயரப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதியில்லை. டிரெய்லரைக் கீழே கழற்றி வைத்துவிட்டுப் போனாலும் எங்கள் டிரக்கே அந்த அளவைத் தாண்டுகிறது. பெரிய வீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இதில் வருத்தமில்லை. 1930களில் வைட் மோட்டார் நிறுவனம் செய்த, கூரையைச் சுருட்டிவிடக்கூடிய சிவப்புப் பேருந்துகள் அந்தச் சாலையில் இன்னும் ஓடுகின்றன. என் கணவரும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்க்காமல் போக வேண்டியதில்லை.

ஜூனில் அப்பா அம்மா வருகிறார்கள். வந்த வாரமே, எல்லோரும் இருக்கையில் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டி நிரம்பி, அரிசி பருப்பு ஏறியபின், நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் உள்ள எடைமேடைக்குப் போகிறோம். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எடையும் தனித்தனியாக அச்சாகி வரும். பின் அச்சில் கூடியிருந்தால் எதை முதலில் இறக்குவது என்று கணவர் இப்போதே எழுதி வைத்துவிட்டார். முன்னறைத் துணி துவைக்கும் இயந்திரம்தான் முதலில்.